குழாய் அடைத்துக்கொண்டால் வேக்குவம் கிளீனரின் சத்தம் ஏன் உயர்கிறது?

கேள்வி: அடுக்ககவாசி

அனைவருக்கும் வணக்கம். பை பொருத்தும் வகையைச் சேர்ந்த வேக்குவம் கிளீனர் ஒன்றை எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அதன் அட்டைப்பெட்டியில் 1400 வாட் என்றும் 20 கிலோபாஸ்கல் என்றும் அச்சிட்டிருந்தார்கள். வாங்கிய புதிதில் சோபா இடுக்கில் சிக்கிய மணலைக்கூட விடாமல் இழுத்த இக்கருவி, இப்போது தரையில் கிடக்கும் தலைமுடியை எடுப்பதற்கே ஒரே இடத்தில் பலமுறை தேய்க்க வைக்கிறது. பை நிரம்பிவிட்டதைக் காட்டும் சிவப்பு அடையாளமும் அடிக்கடி தோன்றுகிறது. ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால் பையில் பாதியளவுகூடத் தூசு இருப்பதில்லை. வீடு முழுவதும் டைல்ஸ் தரைதான், கம்பளம் எதுவும் கிடையாது. வாசலில் போடும் கோலமாவு காற்றில் பறந்து கூடம் வரை வந்துவிடுவதால், அதையும் இதே கருவியால்தான் எடுக்கிறோம்.

இவற்றைவிட எனக்குப் புதிராக இருப்பது அதன் சத்தம். உறிஞ்சும் வாயை உள்ளங்கையால் மூடினால் மோட்டாரின் ஒலி கீச்சென்று உயர்ந்துவிடுகிறது. மிக்சியில் மாவு கெட்டியாகி மோட்டார் திணறும்போது ஒலி தாழ்ந்து வேகம் குறைவதைத்தான் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். காற்று போகும் வழியை அடைத்தால் இதுவும் அப்படித்தானே திணற வேண்டும்? மாறாக, வேகம் கூடுவதுபோல ஒலிப்பது ஏன்?

பழையதைச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா என்று விரைவில் முடிவெடுக்க வேண்டும். ஒரு கடையில் 2000 வாட் டிரம் வகையைக் காட்டுகிறார்கள். இன்னொரு கடையில் 5000 பாஸ்கல் ரோபோவைக் காட்டுகிறார்கள். இந்த எண்களை ஒன்றோடொன்று எப்படி ஒப்பிடுவதென்றே புரியவில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் கருவியின் பின்புறம் வெளியேறும் காற்றைப் பற்றியும் கவலை உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து யாராவது விளக்கினால் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.


பதில்: ஓய்வுபெற்ற இயந்திரவியல் ஆசிரியர்

மிக்சியை நீங்கள் குறிப்பிட்டது மிகவும் பொருத்தம். ஏனெனில் இரண்டு கருவிகளிலும் பெரும்பாலும் இருப்பது, சுழலும் பகுதியைத் தொட்டபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் கொண்ட ஒரே வகை மோட்டார்தான். யுனிவர்சல் மோட்டார் எனப்படும் இதற்கு, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு இருப்பதுபோல ஏறத்தாழ மாறாத வேகம் என்று ஒன்று கிடையாது. சுமை கூடினால் வேகம் இறங்கும், சுமை குறைந்தால் வேகம் ஏறும். மிக்சியில் மாவு கெட்டியானால் சுமை கூடுகிறது என்பது கண்கூடு. வேக்குவம் கிளீனரில் வழியை அடைத்தால் சுமை குறைகிறது என்பதுதான் உங்கள் புதிருக்கு விடை. அது எப்படி என்று பார்ப்பதற்கு முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும்.

மோட்டாரின் அச்சில் வளைந்த தகடுகள் கொண்ட சிறிய விசிறி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் சுற்றுகள் என்ற அளவில் சுழன்று, நடுவில் உள்ள காற்றை விளிம்பை நோக்கி வீசி எறிகிறது. நடுவில் காற்று குறைவதால் அங்கே அழுத்தம் இறங்குகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் அழுத்தத்தோடு அந்த இடத்தை நிரப்பக் காற்றைக் குழாய் வழியாக உள்ளே தள்ளுகிறது. நாம் இழுப்பு என்று உணர்வது உண்மையில் வெளிக்காற்றின் தள்ளல்தான். 20 கிலோபாஸ்கல் என்று பெட்டியில் போட்டிருந்தால், வாயை முழுவதும் மூடிய நிலையில் உள்ளேயுள்ள அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கி 81 ஆகிறது என்று பொருள். ஆகவே, கருவிக்குள் ஐந்தில் நான்கு பங்கு காற்று எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த அழுத்த வேறுபாட்டால் தண்ணீரைக் குழாயில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற முடியும். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்வாயின் பரப்பு எட்டுச் சதுர சென்டிமீட்டர் என்பதால், அதை மூடும் உங்கள் உள்ளங்கையை ஏறத்தாழ 1.6 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது.

அந்த 20 கிலோபாஸ்கல் கிடைப்பது காற்று சிறிதும் ஓடாத நிலையில்தான் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. குழாயைக் கருவியிலிருந்து கழற்றி வாயை முழுவதும் திறந்துவிட்டால் காற்று மிக அதிகமாக ஓடும், ஆனால் அழுத்த வேறுபாடு மிகவும் சொற்பமாகிவிடும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் பயனுள்ள வேலை நடக்கிறது. அழுத்த வேறுபாட்டையும் காற்றோட்டத்தையும் பெருக்கினால் வருவதே தூசின் மீது செலவிடக்கூடிய திறன். மூடிய நிலையில் 20 கிலோபாஸ்கலும், திறந்த நிலையில் நொடிக்கு 40 லிட்டரும் தரும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். இரண்டும் பாதியாக இருக்கும் நடுப்புள்ளியில் பத்தாயிரம் பாஸ்கலை நொடிக்கு 20 லிட்டரால் பெருக்கினால் 200 வாட் கிடைக்கும். மின்சாரத்திலிருந்து 1400 வாட் எடுத்துக்கொண்டு, காற்றுக்கு 200 வாட் மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை வெப்பமாகவும் இரைச்சலாகவும் கருவி கழித்துவிடுகிறது. பின்புறம் வரும் காற்று சூடாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். விசிறியின் சுமை என்பது ஒவ்வொரு நொடியும் புதிதாக எவ்வளவு காற்றைப் பிடித்து அது வேகப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. வாயை மூடிவிட்டால் புதிய காற்று வருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றே தகடுகளோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். வேகப்படுத்தப் புதிய காற்று இல்லாத விசிறி மோட்டாருக்குப் பெரிய சுமையாக இருப்பதில்லை, எனவே மோட்டார் வேகமெடுக்கிறது, ஒலியும் கீச்சிடுகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால், பிளக்குக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையே பொருத்தும் வாட்மீட்டர் ஒன்றை இணைத்து, வாயை மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது வாட் அளவு இறங்குவது தெரியும். திணறும் மோட்டார் குறைவான மின்சாரத்தை எடுக்காது.

முடியைக்கூட எடுக்கவில்லை என்ற குறைக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. தூசைச் சுமந்து செல்வது அழுத்தம் அன்று; காற்றின் வேகம். நொடிக்கு 30 லிட்டர் காற்று 32 மில்லிமீட்டர் குழாயில் ஓடினால் அதன் வேகம் நொடிக்கு 37 மீட்டர், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேல். ஏதோ ஓர் அடைப்பினால் ஓட்டம் பாதியானால் வேகமும் பாதியாகும். ஆனால் துகள் மீது காற்று செலுத்தும் விசை வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால் அது கால் பங்காகிவிடும். மோட்டார் முன்பைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தாலும் தரையில் வேலை நடக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேசை மின்விசிறிக்கு முன்னால் நின்றால் காற்று முகத்தில் அடிக்கிறது; பின்னால் அதே தொலைவில் நின்றால் ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை. வெளியே ஊதப்படும் காற்று தாரையாக நெடுந்தூரம் செல்லும். உறிஞ்சப்படும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்வதால், சிறிய வாயிலிருந்து தொலைவு இருமடங்கானால் வேகம் கால் பங்காகிவிடுகிறது. உறிஞ்சும் முகப்பு தரையை ஒட்டியே நகர வேண்டும் என்பதும், அதன் விளிம்பில் மயிர்க்கற்றைகள் வைத்திருப்பதும் இதற்காகத்தான். முகப்பு தேய்ந்து சில மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தால், எத்தனை வாட் மோட்டாராக இருந்தாலும் பயனில்லை.


பதில்: சர்வீஸ் பட்டறை

ஆசிரியர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. ஆனால் சுமை குறைகிறது என்பதை வாசித்துவிட்டு, அடைப்போடு ஓட்டினால் மோட்டாருக்கு நல்லது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வீடுகளில் உள்ள பெரும்பாலான உலர்வகைக் கருவிகளில், பையைக் கடந்து வரும் அதே காற்றுதான் மோட்டாரின் செம்புச் சுருள்களையும் குளிர்விக்கிறது. அந்த ஓட்டம் நின்றால் சுருள் சூடேறும். நல்ல கருவிகளில் வெப்பம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சாதனம் ஒன்று இருக்கும். கருவி தானாக நின்றுவிட்டால் பதற்றப்படாமல் பிளக்கைக் கழற்றி, அடைப்பை நீக்கி, நன்றாக ஆறிய பிறகு இயக்க வேண்டும். ஈரத்தையும் எடுக்கும் டிரம் வகையில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்றுப்பாதை உண்டு. அதனால்தான் அது தண்ணீரைத் தாங்குகிறது; உங்கள் கருவியில் தண்ணீரை இழுத்தால் அது நேராக மோட்டாருக்குள் போய்ச் சேரும்.

சிவப்பு அடையாளம் பையில் உள்ள தூசின் அளவைப் பார்ப்பதே இல்லை. அது ஒரு சுருள்வில்லும் சிறு அடைப்பானும் சேர்ந்த எளிய அழுத்தமானி. உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் வில் அமுங்கிச் சிவப்பு நகர்ந்து வரும். ஆகவே பை நிரம்பினாலும் வரும், ஹோஸில் சாக்ஸ் சிக்கினாலும் வரும், முகப்பு திரைச்சீலையை இழுத்துக்கொண்டாலும் வரும். கருவியை முழு வேகத்தில் வைத்து, முகப்பைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்த நிலையில் அது என்ன காட்டுகிறதோ அதை மட்டுமே நம்ப வேண்டும்.

பாதிகூட நிரம்பாத பைக்கு ஏன் சிவப்பு வருகிறது என்றால், பை என்பது தூசைச் சேர்த்து வைக்கும் சாக்கு மட்டும் அன்று, அதுவே முதல் வடிகட்டியும் ஆகும். முடி, நூல், மணல் ஆகியவை மட்டும் சேர்ந்தால் அவற்றின் ஊடே காற்று தாராளமாகப் போகும். கோலமாவு அப்படியல்ல. வெள்ளைக் கல் பொடியாக இருந்தாலும் அரிசி மாவாக இருந்தாலும், அது பையின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து துளைகளை மூடிவிடும். ஒரு கைப்பிடி மாவு போதும், பை கைக்கு இலேசாக இருக்கும்போதே காற்றோட்டம் போய்விடும். சுவருக்குப் பட்டி தேய்த்த தூள், சிமென்ட், ஜிப்சம், சாம்பல் எல்லாம் இதே கதிதான்; வீட்டில் பெயின்ட் வேலை முடிந்த வாரத்தில் பட்டறைக்கு வரும் கருவிகளைத் திறக்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம். கோலமாவைத் துடைப்பத்தாலோ ஈரத்துணியாலோ எடுத்துவிடுங்கள்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நீங்கள் கேட்ட அந்தச் சத்தமே போதுமானது. ஹோஸைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, உறிஞ்சும் வாயைத் திறந்தபடி இயக்குங்கள். ஒலி தாழ்ந்து, வாயில் இழுப்பு நன்றாக இருந்தால் கருவியில் குறை இல்லை, அடைப்பு ஹோஸிலோ நீட்டுக்குழாயிலோ முகப்பிலோ இருக்கிறது. ஹோஸின் ஒரு முனையில் கோலிக்குண்டு ஒன்றை விட்டு, மறுமுனையில் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஹோஸைக் கழற்றிய பிறகும் ஒலி கீச்சென்றே இருந்தால் பையோ, மோட்டாருக்கு முன்னால் உள்ள வடிகட்டியோ அடைத்திருக்கிறது. மூன்றாவது ஒரு நிலையும் உண்டு: ஒலி தாழ்ந்தே இருக்கிறது, இழுப்பும் இல்லை, வாயைக் கையால் இறுக்கி மூடினாலும் ஒலி உயரவில்லை என்றால், காற்று வேறு எங்கோ குறுக்கு வழியில் நுழைகிறது. மேல்மூடியின் ரப்பர் வார் விட்டுப்போயிருக்கும், அல்லது உடற்பகுதியில் விரிசல் இருக்கும். ஹோஸின் கைப்பிடியில் உள்ள சிறிய நகரும் மூடி திறந்திருந்தாலும் இழுப்பு குறையும். திரைச்சீலை போன்ற மெல்லிய துணிகளுக்காக அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் திறந்துவிட்டுப் போவார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகமே குறைந்திருந்தால் மட்டும் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். அவை தேயும் பொருள்கள்தான். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.


பதில்: அடுக்ககவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன், சத்தம் சிறிதும் தாழவில்லை. பையை மாற்றியதும் ஓரளவு சரியாயிற்று. மோட்டாருக்கு முன்னால் இருந்த மெல்லிய பஞ்சுத் தகடு முழுவதும் வெள்ளை மாவாக இருந்தது. கோலமாவுக்கு இனித் துடைப்பம்தான்.

ஆனால் அம்மாவின் ஆஸ்துமா பற்றிய கேள்வி இன்னும் மீதம் இருக்கிறது. பை இல்லாத சைக்ளோன் வகையில் காற்று வடிகட்டியைத் தொடாமலேயே சுத்தமாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். ஹெப்பா வடிகட்டி இருந்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். இவை எந்த அளவுக்கு உண்மை?


பதில்: தூய்மை அறைப் பணியாளர்

நான் வேலை செய்வது மருந்து தயாரிக்கும் தூய்மை அறையில் என்பதால் வடிகட்டிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சைக்ளோனில் காற்று ஒரு கூம்புக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. காற்று எளிதாகத் திரும்பிவிடும், எடையுள்ள துகளால் அவ்வளவு எளிதாகத் திரும்ப முடியாது. அது சுவரில் மோதி, வேகமிழந்து, கீழே உள்ள கலத்தில் விழுகிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் காற்று இரண்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழன்றால், துகள் மீது புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு முடுக்கம் செயல்படும். ஆரம் சிறிதாகச் சிறிதாக இந்த மடங்கு கூடும் என்பதால்தான், பெரிய கூம்பு ஒன்றுக்குப் பிறகு சிறுசிறு கூம்புகளை வட்டமாக அடுக்குகிறார்கள். இம்முறையை வீட்டுக் கருவிக்குக் கொண்டுவர ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. பலன் உண்மையானதுதான்: பெரும்பகுதித் தூசு வடிகட்டிக்கு வருவதற்கு முன்பே விழுந்துவிடுவதால், கலம் நிரம்பிக்கொண்டு வரும்போதும் காற்றோட்டம் அதிகம் குறையாது. ஆனால் மிக நுண்ணிய துகள்களுக்கு எடை போதாது. அவை காற்றோடு சேர்ந்தே திரும்பி வெளியேறும். அதனால் சைக்ளோன் கருவிகளிலும் கடைசியில் வடிகட்டி இருக்கத்தான் செய்கிறது. கடையில் சொன்னது தவறு.

ஹெப்பா வடிகட்டி என்பது ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும் கண்ணாடி இழைகளாலோ செயற்கை இழைகளாலோ ஆன தாள். அமெரிக்க வரையறைப்படி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். ஐரோப்பிய வரையறையில் எச்13 வகை 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். ஒப்பிடுவதற்குச் சொன்னால், தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 0.3 என்ற எண்ணைக் கண்டு, அதைவிடச் சிறிய துகள்கள் எல்லாம் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளின் மோதலால் தாறுமாறாக அலைந்து எங்காவது ஓர் இழையைத் தொட்டுவிடும். மோதுவதற்குப் போதிய எடையும் இல்லாமல், அலைவதற்குப் போதிய சிறுமையும் இல்லாமல் இடையில் நிற்பவைதான் 0.3 மைக்ரான் துகள்கள். பிடிப்பதற்கு மிகக் கடினமானவை என்பதால்தான் அவற்றை வைத்துச் சோதிக்கிறார்கள்.

இவ்வளவும் வடிகட்டித் தாளைப் பற்றியது, கருவியைப் பற்றியது அன்று. காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். வடிகட்டியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும், வடிகட்டப்படாத காற்று அந்த வழியாக அறைக்குள் வந்துவிடும். ஹெப்பா ரகம் என்றோ ஹெப்பா போன்றது என்றோ எழுதியிருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. எச்13 என்ற குறியீடும், கருவி முழுவதும் கசிவின்றி அடைக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பையா, சைக்ளோனா என்று கேட்டால் நான் பையைத்தான் சொல்வேன். கலத்தைத் திறந்து குப்பைக் கூடையில் கொட்டும்போது எழும் புகைமூட்டம், வடிகட்டி பிடித்து வைத்ததில் ஒரு பங்கை மூச்சுக்காற்றில் கலந்துவிடுகிறது. பல அடுக்குச் செயற்கை இழைப் பையை வாயை மூடி அப்படியே எடுத்து எறிந்துவிடலாம். பைச்செலவு தொடர்ந்து இருக்கும் என்பது உண்மைதான். எந்த வகையாக இருந்தாலும் சுத்தம் செய்யும்போதும், அதற்குப் பிறகு சிறிது நேரமும் அம்மா அந்த அறையில் இல்லாமல் இருப்பது நல்லது. கருவி பிடிப்பதைத் தவிர, முகப்பும் பின்காற்றும் தரையிலிருந்து கிளப்பிவிடும் தூசும் உண்டு. மெத்தைக்குள் உயிரோடு இருக்கும் தூசுப்பூச்சிகள் இழையைப் பற்றிக்கொண்டிருக்கும், வேக்குவம் கிளீனருக்கு அவை எளிதில் வருவதில்லை. படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதே அவற்றுக்கு வழி.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத், தூசை ஊதித் தள்ளும் கருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, உறிஞ்சி வடிகட்டினால் என்ன என்று யோசித்து, இருக்கை மீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார்; துணியில் படிந்த அழுக்குதான் அவருடைய கண்டுபிடிப்பின் தொடக்கம். அவர் செய்த கருவி குதிரைவண்டியில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் அளவுக்குப் பெரியது. கையால் தள்ளிக்கொண்டு போகக்கூடிய மின்கருவிக்கு 1908-இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கட்டடத் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். துடைப்பத்தால் எழும் தூசு அவருடைய ஆஸ்துமாவைக் கிளப்பியதால், விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கம்பையும் இணைத்து முதல் மாதிரியைச் செய்தார். தலையணை உறை நுண்ணிய தூசை எவ்வளவு பிடித்திருக்கும் என்பது வேறு விஷயம். அவருடைய உரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரால்தான் பிரிட்டனில் இன்றும் பலர் இக்கருவியை அழைக்கிறார்கள்.


பதில்: ஸ்டுட்கார்ட்

வாட் கணக்கு பற்றி யாரும் முழுமையாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் இருக்கும் ஜெர்மனியிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும், 2000 வாட் உலர்வகை வேக்குவம் கிளீனரை வீட்டுக்கென்று இப்போது புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. 2014 செப்டம்பரில் 1600 வாட் என்ற எல்லை வந்தது. 2017 செப்டம்பரில் அது 900 வாட்டாகக் குறைந்தது. அதோடு இரைச்சல் 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ஹோஸ் 40,000 முறை வளைத்தும் உடையக் கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. அப்போது பழைய கருவிகளை வாங்கிப் பதுக்கியவர்கள்கூட உண்டு. ஆனால் முகப்பின் வடிவம், காற்றுப்பாதையின் வளைவுகள், கசிவுகள் ஆகியவற்றைச் சீர்செய்து, பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அதே வேலையை வாங்க முடிந்தது. வாட் என்பது கருவி செய்யும் வேலையின் அளவு அன்று, மின்கட்டணத்தின் அளவு.

அளவிடும் முறையிலும் ஒரு சிக்கல் இருந்தது. கருவிகளின் மீது ஒட்டப்பட்ட மின்சிக்கன முத்திரைக்கான சோதனையை வெறும் பையோடுதான் செய்தார்கள். பயன்படுத்தப் பயன்படுத்தத் தூசு சேர்ந்து என்ன ஆகும் என்பதை அது காட்டவில்லை என்று டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை ஏற்று அந்த முத்திரை விதியை ரத்து செய்தது. வாட் எல்லை மட்டும் தொடர்கிறது. அடுக்ககவாசியின் பாதி நிரம்பிய பையும் இதே குறையைத்தான் காட்டுகிறது.

ரோபோவின் 5000 பாஸ்கலை உங்கள் கருவியின் 20 கிலோபாஸ்கலோடு ஒப்பிட்டால் அது நான்கில் ஒரு பங்குதான். அதன் காற்றோட்டமும் குறைவு, மோட்டாருக்கு மின்கலத்திலிருந்து கிடைப்பதும் சில பத்து வாட் மட்டுமே. இருந்தும் வழவழப்பான தரையில் அது நன்றாகவே வேலை செய்வதற்குக் காரணம், அதன் வாய் தரைக்கு மிக அருகில் இருப்பதும், சுழலும் பிரஷ் தூசைக் கூட்டிக் கொடுப்பதும், சலிக்காமல் தினமும் சுற்றுவதும்தான். சோபா இடுக்குக்கு அது உதவாது. நீளமான கைப்பிடியுள்ள மின்கல வகையிலோ கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருக்கிறது. சிலவற்றில் அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால் விசிறியை மிகச் சிறிதாக்க முடிந்திருக்கிறது. முழு வேகத்தில் மின்கலம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

டைல்ஸ் தரைக்கு எதை வாங்கினாலும், கம்பளத்துக்கென்று செய்த கடினமான மயிர்க்கற்றை உருளை வேண்டாம். அது மணலைப் பின்பக்கமாக எறியும், காலில் குத்தும்போதுதான் தெரியும். மென்மையான துணி உருளையோ, சுழலாத தட்டை முகப்போ போதும்.


பதில்: சர்வீஸ் பட்டறை

புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது, கோளாறு வடிகட்டியில்தான் இருந்தது. அந்தப் பஞ்சுத் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு இல்லாமல் அலசி, பிழியாமல், நிழலில் முழுதாக ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசு சேறாகி முன்பைவிட மோசமாக அடைக்கும், ஈரம் மோட்டாருக்கும் போகும். பின்புறம் உள்ள மடிப்பு வடிகட்டி தாளால் ஆனது என்றால் அதைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கழுவக்கூடியதா என்பது அதன் விளிம்புச் சட்டகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். காகிதப் பையைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. துளைகளை அடைத்திருக்கும் மாவு தட்டினால் போகாது என்பதால், அந்தப் பை காலியாக இருந்தாலும் நிரம்பிய பைதான். துணிப் பையாக இருந்தால் உள்ளும் புறமுமாகத் திருப்பி, வீட்டுக்கு வெளியே, அம்மா இல்லாத நேரத்தில் உதறுங்கள்.